பெயர் எழுத வேண்டாம்

“பெயர் எழுத வேண்டாம்” என்று ஆய்வு மாணவி யான் ஜின் சொன்னதும் வகுப்பில் சலசலப்பு எழுந்து அடங்கியது. சாங்ஷா நகரின் அந்த மேல்நிலைப் பள்ளியில் பெயர் எழுதாத தாளை யாரும் கண்டதில்லை.

“மார்க் உண்டா அக்கா?” என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன்.

“மார்க்கும் கிடையாது, ரேங்க்கும் கிடையாது. சரி, தப்புன்னே இதுல ஒண்ணும் இல்ல.”

“அப்போ யாரைப் பாத்துக் காப்பி அடிக்கிறது?”

வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள்.

மாணவர்களின் மனச்சுமையை அளக்கும் வினாத்தாள் அது. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. மேல்நாட்டு வினாத்தாளை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் சீனப் பிள்ளைகள் கேள்விக்குப் பதில் சொல்வார்களே ஒழிய, மனத்தைச் சொல்ல மாட்டார்கள் என்பது அவள் கட்சி. ஆகவே மாதக்கணக்கில் பிள்ளைகளோடு பேசி, அவர்கள் வாயிலிருந்தே வாக்கியங்களைத் திரட்டியிருந்தாள். ‘என்னால்தான் வீட்டில் எல்லோருக்கும் கஷ்டம்’ என்பது அப்படி வந்த ஒன்று. “இந்த ஊர்ல எந்தப் பிள்ளைம்மா அதுக்கு ஆமான்னு போடாது?” என்று வழிகாட்டிப் பேராசிரியர் அதை அடிக்கப் பார்த்தார். அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

அதே பிள்ளைகள் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எழுத வேண்டும். இருமுறை எழுதியதும் ஒத்துப்போனால்தான் வினாத்தாளை நம்பலாம். தாள்களை இணைத்துப் பார்க்க, அவரவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு குறியைப் போடச் சொன்னாள். “எந்தத் தாள் யாரோடதுன்னு எனக்கே தெரியாது. வேற யாருக்கும் தெரியவும் விடமாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தாள். மனமார நம்பித்தான் கொடுத்தாள்.

மணி அடித்தது. கடைசி இருக்கையிலிருந்து தாள்கள் முன்னோக்கி நகர்ந்தன. பின்னாலிருந்து வந்த தாள்களின்மேல் தன்னுடையதை வைத்து ஒவ்வொருவரும் முன்னால் நீட்ட, வகுப்புத் தலைவி வரிசைவாரியாக வாங்கி அடுக்கினாள். எழுத்துக் கூட்டத் தொடங்கிய நாள்முதல் அங்கே பிள்ளைகள் தாள் கொடுக்கும் முறை அது. யான் ஜினும் அப்படிக் கொடுத்து வளர்ந்தவள்தான். அதனாலேயே அது அவள் கண்ணில் படவில்லை. அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டியிருந்தது.

“இங்க வெச்சுட்டுப் போம்மா, நான் பாத்துக்கறேன்” என்றார் வகுப்பாசிரியை பெங். நன்றி சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் முறை அவள் வந்தபோது பெங் டீச்சர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“புண்ணியவதிம்மா நீ! லியாவ் யிங்னு ஒரு பொண்ணு, வாயே திறக்காது. வீட்ல எல்லாருக்கும் என்னாலதான் கஷ்டம்ங்கறதுக்கு ‘எப்போதும்’னு போட்டிருக்கு.”

“அது அவ தாள்தான்னு உங்களுக்கு எப்படி டீச்சர்…?”

“நாலாவது வரிசைக் கட்டுல எண்ணிப் பாத்தா தெரியாதா? யாரு எங்க உக்காந்திருக்கான்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்.” அவர் முகத்தில் பெருமிதம். “அன்னைக்கே அவ அம்மாவுக்குப் போன் போட்டுட்டேன். அவங்களுக்குத் தூரத்துல, தோங்குவான் ஊர்ல செருப்புக் கம்பெனி வேலை. பதறிப்போய் வேலைய விட்டுட்டு வந்துட்டாங்க. இப்ப பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலயே ரூம் எடுத்து, பொண்ணுக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டுக் கூடவே இருக்காங்க. இதைவிட என்ன வேணும்?”

யான் ஜினுக்குக் கோபித்துக்கொள்ள வழியில்லை, பெங் டீச்சரின் கண்ணில் இருந்தது அக்கறை. வாக்குக் கொடுத்தவரும் அவரல்லர்.

அன்று வகுப்பில் ஒருவரும் மார்க்கைப் பற்றிக் கேட்கவில்லை, வேடிக்கை பேசவில்லை. தாள்களை ஒரு பெட்டியில் போட்டுக் கலக்கச் சொன்னாள். சொன்னபடி செய்தார்கள். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அவற்றைப் புரட்டினாள். ‘ஒருபோதும் இல்லை.’ அடுத்ததிலும் அதுவே, அதற்கடுத்ததிலும். இரண்டே வாரத்தில் ஒரு வகுப்பு முழுவதும் கவலையற்றுப் போயிருந்தது.

நடைவழியில் லியாவ் யிங் காத்திருந்தாள்.

“அக்கா, இந்தத் தடவ சரியா எழுதிட்டேன்.”

“இதுல சரி, தப்புன்னு…”

“இருக்குக்கா. போன தடவ தப்பா எழுதுனதாலதான் அம்மாவுக்கு வேலை போச்சு.”

“தப்பு உன்னோடது இல்லம்மா. தாளை விட்டுட்டுப் போனது நான்.”

அதிகாரிக்குத் தலையாட்டுவதுபோல லியாவ் யிங் மரியாதையாகத் தலையாட்டினாள். போன முறை ஒரு கேள்வியை நம்பி உள்ளதைச் சொன்ன பெண், இனி யார் கேட்டாலும் இப்படித்தான் தலையாட்டுவாள் என்று யான் ஜினுக்குத் தோன்றியது.

மதிய உணவு வேளை. பள்ளிக் கம்பிவேலிக்கு வெளியே சாப்பாட்டு அடுக்கோடு நின்ற லியாவ் யிங்கின் தாய், மகளோடு வந்த யான் ஜினைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

“நீங்கதானா அந்தக் கேள்வி கேட்டவங்க? ரொம்ப நன்றி டீச்சர். நீங்க கேக்கலேன்னா என் பொண்ணு மனசுல இருக்கிறது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.” வேலியிடுக்கில் கையை நுழைத்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை அவள் கையில் திணித்தாள்.

நீங்கள் வேலையை விட்டு வந்ததுதான் இப்போது இவளை அழுத்துகிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைச் சொல்வது, இந்தப் பெண் மனத்தில் உள்ளதை அவளைக் கேளாமல் இரண்டாம் முறையும் எடுத்துக் கொடுப்பதாகும். யான் ஜின் பழத்துக்கு மட்டும் நன்றி சொன்னாள்.

லியாவ் யிங் வேலியோரம் குந்தி, மிளகாய் போட்டு வதக்கிய பன்றிக்கறியையும் சோற்றையும் மூச்சு வாங்க உண்டு முடித்தாள். வயிறு நிறைந்துவிட்டது பார்த்தாலே தெரிந்தது.

“இன்னும் கொஞ்சம் போடவாடா?” என்றாள் தாய்.

“போடும்மா, நல்லாருக்கு” என்று கிண்ணத்தை நீட்டினாள் அவள்.