ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

தேதி முத்திரையை ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, மேஜைமேல் விரித்திருந்த பழைய செய்தித்தாளில் ‘டொக்’ என்று குத்தினேன். பதினொரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். பன்னிரண்டாவது பிள்ளை பாலாமணி மட்டும் வழக்கம்போல மேஜைக் காலில் சாய்ந்து உட்கார்ந்து, உதட்டைப் பூட்டிக்கொண்டு, என் சட்டையின் மூன்றாவது பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு, ஒத்தக் கூடை எடுத்தாச்சு!” டொக். “ரெண்டு, ரெண்டு காலும் நனஞ்சாச்சு!” டொக். “மூணு, மூடுபனி வந்தாச்சு!” டொக்.

ஜன்னலோர நாற்காலியில் இருந்த சில்வஸ்டர் பேப்பரை இறக்கி என்னை ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டார். எஸ்டேட் ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்து ரிட்டையர் ஆனவர். முப்பது வருடம் மெஷின் சத்தத்தில் இருந்த மனிதர், அமைதி வேண்டும் என்றுதான் தினமும் நூலகத்துக்கு வருகிறார். அவர் முறைப்பில் நியாயம் இருந்தது. சுவரில் தொங்கும் ‘அமைதி காக்கவும்’ பலகையை எழுதியவனே நான்தான்.

என் பெயர் ஏகநாதன். சேரம்பாடிக்கு மேலே, எஸ்டேட் கடைத்தெருவில் இருக்கும் ஒற்றை அறை நூலகத்துக்கு நூலகர், பியூன், ஆடு விரட்டுபவர் எல்லாம் நானே. பத்தொன்பது வருடமாக நான் அங்கே கட்டிக் காத்தது அமைதி ஒன்றைத்தான். அதற்கு வேட்டு வைப்பதுபோல் அந்த ஜனவரியில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பள்ளியில் சேரப்போகும் சிறு பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் நூலகத்துக்கு அழைத்து, பாட்டும் தாளமும் கொண்டு அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்யவேண்டுமாம். ஓரிடத்தில் உட்காரவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும், பத்துவரை எண்ணவும் பாட்டாலேயே பழக்கிவிடலாமாம். எழுதிய புண்ணியவான் என் குரலைக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் நான் குளிக்கும்போது பாடுவதற்கே தடை உண்டு.

முதல் சனிக்கிழமை, சுற்றறிக்கையோடு வந்த பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து ரயில் பாட்டு ஒன்றைப் பாடினேன். அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூட ரயிலைப் பார்த்ததில்லை. மூன்று அழுதன. ஒன்று மலையாளப் பேப்பரின்மேல் ஒன்றுக்குப் போனது. பாட்டை நிறுத்திவிட்டு, சில்வஸ்டர் எடுத்துப்போகக் காத்திருந்த புத்தகத்தில் தேதி முத்திரையை ஓங்கிக் குத்தினேன். கோபத்தில் கொஞ்சம் பலமாகவே குத்திவிட்டேன். அறை சட்டென்று அடங்கியது. இன்னொரு முறை குத்தினேன். ஒரு பையன் சிரித்தான். மூன்றாவது குத்துக்கு எல்லோரும் என்னைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று ராத்திரியே ரயிலை மூட்டை கட்டிவிட்டு, கொழுந்து பறிக்கப் போகிற பாட்டு ஒன்றைக் கட்டினேன். பத்து எண், பத்து வரி, வரிக்கு ஒரு குத்து. கவிதை என்று அதைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. கூடையும் அட்டைப்பூச்சியும் மூடுபனியும் அவர்கள் வீட்டுச் சமாசாரம் அல்லவா. ஒரே ஒரு தொல்லை, ஏழாவது வரி. “ஏழு, ஏத்தம் ஏறி முடிச்சாச்சு” என்று இழுத்து முடிக்கும்போது எனக்கு மூச்சு தீர்ந்துபோகும். இந்த மலைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் என் நெஞ்சில் குடியேறிய இருமல், அந்த இடம் பார்த்து இரண்டு தடவை வெளியே வந்து போகும். அதற்குப் பிறகுதான் எட்டு.

பாலாமணியின் அம்மா இசக்கியம்மா, தொழிலாளர் வரிசை வீடுகளில் மூன்றாம் நம்பர் லயத்தில் இருப்பவள். சிறுபிள்ளையாக இருந்தபோது தாய் தகப்பனோடு இலங்கையிலிருந்து வந்தவள். புருஷன் சங்கிலி திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தான், மாதத்துக்கு ஒருமுறை வருவான். போன ஜூனில் பாலாமணியை ஒண்ணாம் கிளாஸில் சேர்க்கக் கூட்டிப்போனபோது, டீச்சர் கேட்ட எதற்கும் பிள்ளை வாய் திறக்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். பேசாத பிள்ளையையும் சேர்த்துக் கட்டி மேய்க்க முடியாது என்று அவர் நினைத்ததில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வந்த இசக்கியம்மா வாசலிலேயே நின்றாள். செடியின் ஈரம் படாமல் இருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இந்தத் தடவயாச்சும் டீச்சர் சேத்துக்குவாங்களா சார்?”

“பாக்கலாமுங்க.”

“வேலை நேரத்துல புள்ளைய விடுற பிள்ளைக்காம்பராவுல ஜூனுக்குப் பொறகு வச்சுக்க ஏலாதுன்னுட்டாங்க. அஞ்சு வயசு வரைக்குந்தானாம். ஆயாதான் பாவம் பாத்து ஒரு வருஷம் கூட வச்சிருந்திச்சு. கொழுந்தெடுக்குற மலைக்குக் கூட்டிட்டுப் போனா ஃபீல்டு ஆபீசரு விட மாட்டாரு. லயத்துல தனியா விட்டா, யானை வர்ற எடம் சார் அது.”

“நீங்க வேலைக்குப் போகாம இருக்க முடியாதுங்களா?”

கேட்ட பிறகுதான் நான் கேட்டது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று தெரிந்தது. அவள் கோபப்படவில்லை.

“வேலைக்குப் போகாம நின்னா பேர வெட்டிருவாங்க. பேர வெட்டிட்டா லயத்துக் காம்பராவையும் விடணும். பொறகு நாங்க எங்க போறது?”

பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளை வாய் திறக்காவிட்டால் ஒரு குடும்பத்துக்கு வீடு போய்விடும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதியிருக்கவில்லை. நான்கு மாதமாகப் பார்க்கிறேன், அந்தப் பிள்ளை ஒரு வரி பாடியதில்லை. இசக்கியம்மாவை வீணாக நம்ப வைப்பதைவிட உண்மையைச் சொல்லிவிடுவது மேல் என்று பட்டது.

“வருத்தப்படாதீங்க. உங்க புள்ளைக்குப் பாட்டு ஏறலீங்க. நானும் பாத்துட்டேன்.”

இசக்கியம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“யாரு, இவளுக்கா? லயம் முழுக்க இவ பாட்டுதான் சார். பானை மூடியில அகப்பைய வச்சுத் தட்டி, பத்து வரைக்கும் விடாம எண்ணுவா. நீங்க இருமுற மாதிரியே இருமுவா. மேல் வீட்டுல உங்களுக்கு ரொம்பச் சுகமில்லையான்னு கேட்டாங்க.”

“நான் இருமறதயுமா?”

“அதுவும் பாட்டுத்தானே சார்?”

அவள் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டாள். அடுத்த சனிக்கிழமை காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தேன். ஏழாவது வரி முடிந்தது. நான் இருமினேன். பதினொரு பிள்ளைகளும் தலையைக் குனிந்து, நெஞ்சில் கை வைத்து, தாளம் தப்பாமல் இரண்டு தடவை இருமிவிட்டு “எட்டு!” என்றார்கள். நான்கு மாதமாக இது நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு என் இருமல் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

“ஒங்களுக்கு இப்பதான் தெரியுமா?” என்றார் சில்வஸ்டர். “நான் புள்ளைங்களுக்கெல்லாம் சளின்னுல்ல நெனச்சு ஜன்னல சாத்திட்டு இருந்தேன்.”

எனக்கு மானம் போய்விட்டது. ஜூனில் இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வரிசையாக இருமினால் என் பெயர் என்ன ஆகும்? எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போய் மருந்து வாங்கினேன். ஒரு வாரம் வேளை தவறாமல் குடித்து, நெஞ்சைத் துடைத்து வைத்ததுபோல் ஆக்கிக்கொண்டு சனிக்கிழமை பாடினேன். ஏழு முடிந்தது. இருமல் வரவில்லை. வெற்றியோடு “எட்டு” என்று முத்திரையைத் தூக்கினேன். ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. பாதி ஏற்றத்தில் லாரி நின்றுபோனதுபோல் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து பாடினேன். மறுபடி ஏழில் நின்றார்கள். சில்வஸ்டர் பேப்பருக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது தெரிந்தது. கடைசியில் தோற்றுப்போய், பொய்யாக இரண்டு தடவை இருமினேன். வண்டி கிளம்பியது.

மேஜைக் காலில் சாய்ந்திருந்த பாலாமணி மட்டும் நான் பொய்யாக இருமியதைக் கண்டுபிடித்தவள்போல் புருவத்தைச் சுருக்கினாள். அன்று எனக்கு அந்தப் பிள்ளைமேல் தனிப் பிரியம் வந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. “ஒரு மணி நேரம் வந்து நில்லுங்க சார், ஒங்களப் பாத்தா புள்ள பேசும்” என்று இசக்கியம்மா முந்தின நாளே சொல்லியிருந்தாள். நூலகத்தைச் சில்வஸ்டர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனேன். பள்ளிக்கூடம் மேட்டின் உச்சியில் இருந்தது. நனைந்துகொண்டு ஏறிப் போய்ச் சேர்வதற்குள், டிஸ்பென்சரி மருந்து விரட்டியிருந்த பழைய குடித்தனக்காரன் சாமான் செட்டோடு என் நெஞ்சுக்குத் திரும்பிவிட்டான்.

சாந்தாமணி டீச்சர் கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்துக்காரர். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் அல்ல. அவர் மேஜையில் பாலாமணியின் சேர்க்கை விண்ணப்பம் பூர்த்தியாகி, முத்திரைக்கு மட்டும் காத்துக் கிடந்தது.

“ஏனுங்க சார், நீங்களும் வந்துட்டீங்க? நல்லதுங்க, உக்காருங்க. ஆனா நடுவுல நீங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கக் கூடாதுங்க. அம்மா, உங்களுக்குந்தான்.” பிறகு குனிந்து, “உம்பேரு என்ன சாமி?” என்றார்.

பாலாமணி அவருடைய சேலையில் குத்தியிருந்த பின்னைப் பார்த்தாள்.

“யாரு கூட வந்திருக்கே? அது யாரு, அம்மாவா?”

இசக்கியம்மாவின் கை பிள்ளையின் தோளில் இருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

“செரி, அதெல்லாம் வேண்டாம். பத்து வரைக்கும் எண்ணு பாக்கலாம். லைப்ரரி சார் சொல்லிக் குடுத்திருக்காரல்ல? ஒண்ணு…”

மழை தகரத்தில் கொட்டியது. டீச்சர் காத்திருந்தார். உண்மையில் நன்றாகவே காத்திருந்தார், அவசரப்படவில்லை. பாலாமணியின் உதடு அசையவில்லை. அவளுடைய வலது கைச் சுட்டுவிரல் மட்டும் பாவாடையின்மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோனது.

எனக்கு இருமல் தொண்டைவரை வந்துவிட்டது. இந்த நேரத்தில் இருமினால் பிள்ளை மிரளும், டீச்சரும் சொல்லிக் கொடுக்கிறேன் என்று நினைப்பார் என்று பல்லைக் கடித்து அடக்கினேன். கண்ணில் நீர் முட்டியது. பாலாமணி தலையைத் திருப்பி என் மூன்றாவது பொத்தானைப் பார்த்தாள். எதையோ கேட்பதுபோல் பார்த்தாள். எனக்கு விளங்கவில்லை.

டீச்சர் பெருமூச்சு விட்டு விண்ணப்பத்தை ஓரமாகத் தள்ளினார். “என்னங்க பண்றது? நானும் ஒருத்திதானுங்க. இன்னொரு வருஷம்…”

இசக்கியம்மா மழைக்குப் போர்த்தி வந்த சாக்குப்பையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அந்த மடிப்பைப் பார்க்கச் சகிக்காமல் நான் முகத்தைத் திருப்பியபோது பிடி நழுவிவிட்டது. இருமினேன். ஒன்று. இரண்டு.

“எட்டு” என்றாள் பாலாமணி.

டீச்சர் நிமிர்ந்தார்.

“எட்டு, எடைக்குத் தூக்கிப் போட்டாச்சு. ஒம்போது, ஊட்டுப் பக்கம் திரும்பியாச்சு. பத்து, பாய விரிச்சுப் படுத்தாச்சு.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கணீரென்ற குரல். நான் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

“எட்டுலருந்தா எண்ணுவாங்க?” டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “மொதல் ஏழு எங்க போச்சு?”

“உள்ளுக்குள்ள எண்ணிட்டா டீச்சர்,” என்றாள் இசக்கியம்மா. “ஏழுல வந்து நின்னுக்கிட்டு, சார் இருமட்டும்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கா.”

டீச்சருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் தன் இருமலுக்காக வெட்கமும் பெருமையும் ஒருசேரப் படலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

“அதெல்லாம் செரி. நான் மொதல் ஏழையும் கேக்கணுமில்ல,” என்று சொல்லி, டீச்சர் விண்ணப்பத்தை மறுபடி தன் முன்னால் இழுத்து வைத்தார். “எனக்குக் கேக்கற மாதிரி ஒண்ணுலருந்து சொல்லு சாமி. நீ சொல்லி முடிச்சீன்னா இதக் குத்திப்போடறேன்.”

அவர் பள்ளிக்கூடத்து வட்ட முத்திரையை எடுத்து, ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, தயாராகக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பாலாமணியின் கண்கள் டீச்சரின் முகத்தை விட்டு அந்த முத்திரைக்குப் போயின. தோள்கள் உயர்ந்தன. வாய் திறந்தது. விரல் பாவாடையின்மேல் எழும்பி நின்றது. எனக்கு அடுத்த இருமல் கிளம்பி வந்தது. ஏழுக்கு வேண்டியிருக்கும் என்று அதை அடக்கி வைத்துக்கொண்டேன்.