மாடத்தி வீட்டுத் தெப்பம்

"தலைமாட்டுப் பக்கம் தூக்குலே... சரிச்சுப் பிடி. இடிக்கி, இடிக்கி!"

ஐஸ் பெட்டி வாசலைத் தாண்டிப் பாதி உள்ளே வந்து நின்றுவிட்டது. எதிரே கருப்பு கிரானைட் சமையல் மேடை, 'ப' எழுத்தைப் போல வளைந்து, இருக்கிற ஒரே அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. ஒச்சப்பன் இன்னும் வெளியே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேனுக்குள்ளேயே கிடந்தான். தூறல் விட்டபாடில்லை.

"இந்தத் தெப்பத்த ஒடச்சாத்தான் பெட்டி நிக்கும்," என்றார் ஒச்சப்பனின் அண்ணன் சங்கரபாண்டியன். "பெத்தணா, கடப்பாரையக் கொண்டா."

பக்கத்து வீட்டுப் பெத்தணன் தயங்கினான். "மதினிகிட்ட ஒரு வார்த்த..."

"அவகிட்ட என்னத்தக் கேக்க? ரோஜா திருப்பூர்ல இருந்து வந்து சேர சாயங்காலம் ஆயிரும். பெத்த மக வார வரைக்கும் என் தம்பி மழையிலயா கெடப்பான்?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த மாடத்தி தலையைத் தூக்கினாள். புருசன் மூச்சு நின்றதிலிருந்து அவள் வாய்விட்டு அழவில்லை.

மேடைக்குத் தெப்பம் என்று பேர் வந்தது பெத்தணனால்தான். தீபாவளி சீசன் முடிந்து வெடிக் கம்பெனியில் வேலை இல்லாத மாதங்களில் ஒச்சப்பன் சென்னைக்குப் போய் கிரானைட் அறுப்பான். ஒரு தடவை ஜப்பான் ஓட்டல் ஒன்றுக்கு உள்வேலை. அங்கே நடக்கும் சமையலுக்கு 'தெப்பன்யாக்கி' என்று பேர் என்றான். "தெப்பக்குளமா?" என்றான் பெத்தணன். அதோடு ஊர் வாயில் அது தெப்பம் ஆகிப்போனது.

"நடுவுல கட்டில் அகலத்துக்கு இரும்புத் தோசக்கல்லு," என்று ஒச்சப்பன் மாடத்தியிடம் கையை விரித்துக் காட்டினான். "மூணு பக்கமும் நாங்க போட்ட கல்லு. அதுல கைய ஊனி உக்காந்து, சமைக்கிறவன் மொகத்தப் பாத்துக்கிட்டே திங்கிறாக."

"பொக எங்கன போகும்?"

"மேல தகரக் கூண்டு. அம்புட்டயும் உறிஞ்சிரும். தடுப்புக்கெல்லாம் மரச்சட்டம் அடிச்சு, வெள்ளப் பேப்பரு ஒட்டியிருக்காக."

"ஏன், கண்ணாடி வாங்க வக்கில்லையாக்கும்?"

"அதான் அழகாம். சமையக்காரன் தீய ஆளுயரத்துக்கு எழுப்புவானாம். சுத்தி இருக்கவுக கைதட்டுவாகளாம்."

"தீயப் பாத்தா ஓடாம கைதட்டவா?" என்றாள் மாடத்தி. தாயில்பட்டி வெடிக் கம்பெனியில் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிறவள்.

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபின் ஒச்சப்பன் சொன்னான்: "இத்தன வருசமா ஒன் முதுகப் பாத்துத்தான் தின்னிருக்கேன்."

அப்போது அவள் அடுப்பு பின்சுவரைப் பார்த்து இருந்தது.

சென்னையில் காலண்டர் லோடு இறக்கிவிட்டு ஊருக்குத் திரும்பிய லாரியில், ஓட்டலில் ஒதுக்கிய உடைந்த கிரானைட் துண்டுகளை ஏற்றிக்கொண்டு வந்தான். அவளை நிற்க வைத்து இடுப்பு மட்டத்துக்கு மேடை கட்டினான். சாப்பிடுகிறவர் முழங்கையில் சிராய்க்காமலிருக்க விளிம்பு முழுவதையும் உருட்டித் தேய்த்தான். தகரக் கூண்டுக்கு வழியில்லை. அடுப்புக்கு மேலே கூரையில் இரண்டு ஓடுகளைக் கழற்றிவிட்டான். புகை போனது, மழை வந்தது. ஊர் அதைப் பரோட்டாக் கடை என்றது. சங்கரபாண்டியன், "பொண்டாட்டிய எதிர நிக்க வச்சுத் திங்கிறான் பாரு" என்று ஏசினார். ஒருநாளும் வந்து அதில் கை நனைத்ததில்லை.

கல் தூசிதான் நெஞ்சில் இறங்கி ஒச்சப்பனைத் தின்றது. கஞ்சி மட்டும் இறங்கிய நாட்களிலும் அந்த மேடைமுன் ஸ்டூலில்தான் வந்து உட்காருவான். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்ப்பான். "என்ன?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பான்.

கடப்பாரை வந்துவிட்டது. மாடத்தி எழுந்து, மேடையைச் சுற்றி அடுப்புப் பக்கம் போய் நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் கல்லின் மேல் வைத்தாள்.

"இது இருக்கட்டும் மச்சான்."

"எதுக்கு இருக்கணும்? சொல்லு, கேப்போம்."

மாடத்தி கைகளை இன்னும் அழுத்தி ஊன்றினாள்.

"இருக்கட்டும்."

"புருசன் போயிட்டான், இவளுக்குக் கல்லு பெருசாத் தெரியுது," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

சங்கரபாண்டியன் கடப்பாரையை ஓங்கி அடிச்செங்கலில் ஒரு போடு போட்டார். மூலை பெயர்ந்து தெறித்தது. அந்த அதிர்வு உள்ளங்கை வழியாகத் தோள் வரை ஏறியது. அவள் கையை எடுக்கவில்லை. அவர் இன்னொரு தடவை ஓங்கினார். அவள் கைகளைப் பார்த்தார். கடப்பாரையை வாசலில் எறிந்துவிட்டு வெளியே போனார்.

வெடி காயப்போடும் இடத்தில் மூடுகிற தார்ப்பாயைப் பெத்தணன் கொண்டுவந்து வாசலில் கட்டினான். ஒச்சப்பனை அதன் கீழே பெட்டியில் வைத்தார்கள். தண்ணீர் சேர்ந்து தார்ப்பாய் தொய்ந்த மூலையைச் சாயங்காலம் வரை கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் சங்கரபாண்டியன். ரோஜா கைப்பிள்ளையோடு வந்து விழுந்து அழுதபோதும் அவர் நகரவில்லை.

சுடுகாட்டிலிருந்து ஆட்கள் குளித்துவிட்டுத் திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. மாடத்தியின் பிறந்த வீட்டிலிருந்து வந்த சோறும் ரசமும் மேடைக்கு அந்தப் பக்கம், அடுப்போரம் இருந்தன. வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். ரோஜா தாயைக் கைபிடித்துக் கூட்டிவந்து மேடைமுன் ஸ்டூலில் உட்கார்த்தி, கல்லில் இலையைப் போட்டாள். அதற்குள் பிள்ளை வீறிட்டது. தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

இலை வெறுமனே கிடந்தது.

"இவ இன்னுமா திங்கல?" வாசலில் சங்கரபாண்டியனின் குரல். உள்ளே பரிமாற வேறு யாரும் இல்லை. ஈர வேட்டியோடு உள்ளே வந்து, பாத்திரம் இருந்த பக்கம் சுற்றிப் போனார்.

"வேண்டாம் மச்சான்."

"ரெண்டு வாயி தின்னு தாயி."

சோற்றை வைத்தார். ரசத்தைக் கரண்டியில் மொண்டார். மாடத்தி நிமிர்ந்தாள். இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை. அடுப்புக்கு எதிரே நிற்கிறவரின் முகம் இங்கிருந்து முழுசாகத் தெரிந்தது: நெற்றியின் கோடுகள், முள்ளாகக் கிடந்த நரைத் தாடி, கீழுதடு துடிப்பது. அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே நிற்கிறவருக்கு முகத்தை மறைக்க இடம் கிடையாது.

கரண்டியிலிருந்த ரசம் கல்லில் சிந்தியது.

மாடத்தி குனிந்துகொண்டாள். இலையிலிருந்த சோற்றை மெதுவாகப் பிசைய ஆரம்பித்தாள்.