தேய்ன் துணி தேய்க்கிறார்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது செபு தீவில், ஆலயத்துக்கு எதிரே உள்ள ரொட்டிக்கடையில். கொடுத்தவர் நெட்ரா. வயது எழுபத்திரண்டு. கணவர் தேய்னோடு ஐடஹோவிலிருந்து ஒன்றரை வருட ஊழியத்துக்கு வந்தவர். அவர்களுடைய கிறிஸ்தவ சபையைச் சேராத எனக்கு ஆலயத்துக்குள் அனுமதி இல்லை. அதாவது, பாதிக் கதை உள்ளே நடக்கிறது. எழுதுகிற நான் வெளியே ரொட்டி தின்கிறேன்.

"எழுதறதுன்னா எழுதுங்க. ஆனா உள்ள நடக்கற வழிபாட்டப் பத்தி ஒரு வரி வரக் கூடாது" என்றார் நெட்ரா.

"சலவை அறை, சிஸ்டர்?"

யோசித்தார். "அது கீழ்த்தளம். எழுதிக்கோங்க."

2

முதல் தொடக்கம்: 'வெண்கோபுரத்தின் மேல் அந்திச் சூரியன்...' வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையில்லை.

இரண்டாவது: 'ஐம்பது வருட இல்லறத்தில் தேய்ன் ஒரு கைக்குட்டையைக்கூட மடித்ததில்லை.' இது இருக்கட்டும். அப்பேர்ப்பட்டவரைத்தான், ஆலயத்துக்கு வருகிறவர்கள் உடுத்தும் வெள்ளை உடைகளைத் தேய்க்கப் போட்டார்கள். (பெயருக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தத்துக்கு நான் பொறுப்பல்ல.) நெட்ராவுக்கு வாசலில் அனுமதிச் சீட்டு பார்க்கும் வேலை. ஆறே மாதத்தில், மனைவி மடித்த துண்டை தேய்ன் பிரித்து மடிக்க ஆரம்பித்தார்.

"இப்படி மடிச்சா ஓரம் சுருங்கும், நெட்ரா."

"அம்பது வருஷமா அதுலதான மூஞ்சி தொடச்ச? மூஞ்சி சுருங்கிப்போச்சா?"

தேய்ன் கண்ணாடியைப் பார்த்தார்.*

* சுவரில் கண்ணாடி நான் மாட்டியது. வசனம் அவர்களுடையது.

3

ஊழியம் முடிய ஐந்து வாரம் இருந்தபோது, மேலும் ஆறு மாதம் தங்குவதற்கான படிவத்தில் தேய்ன் கையெழுத்துப் போட்டு, நெட்ராவின் கையெழுத்துக்காகச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் மார்லிஸுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து முதல் பிள்ளை, நவம்பரில். பிரசவத்துக்கு வந்துவிடுவதாக நெட்ரா வாக்குக் கொடுத்திருந்தார்.

மூன்று நாள் பேச்சில்லை. ஆலயத்தில் எல்லாருமே கிசுகிசுப்பாகப் பேசுவதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

(இங்கே தேய்னைக் கல்நெஞ்சக்காரராக்கி ஒரு பத்தி எழுதினேன். 'அந்த மனிதருக்கு...' அடித்துவிட்டேன். நெட்ராவே ஒத்துக்கொள்ள மாட்டார்.)

4

நான்காம் நாள் தேய்ன் மேலே வந்து நெட்ராவின் காதோரம் குனிந்தார்.

"ஒரு கவுனக் கருக்கிட்டேன்."

நெட்ரா கீழே போனார். வெள்ளைக் கவுனின் நெஞ்சில் இஸ்திரிப்பெட்டி அளவுக்குப் பழுப்புக் கறை. தேய்ன் கறையை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கமிகின் தீவுலேர்ந்து ஒரு அம்மா கப்பலேறி வந்து காத்துக்கிட்டிருக்காங்க. அவங்க அளவுக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு."

நெட்ரா அதே அளவான தன்னுடைய மாற்று வெள்ளை உடையை எடுத்து அந்த அம்மாளுக்குக் கொடுத்தனுப்பினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஊர்ல நான் என்ன செய்வேன், சொல்லு?" என்றார் தேய்ன். "டிராக்டர்ல ஏறப்போனா பையன் 'உக்காருங்கப்பா'ங்கறான். பாக்கறவங்க எல்லாம் உக்காரச் சொல்றாங்க. இங்கதான் என்னை நிக்கச் சொல்றாங்க."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான் பேசவே இல்லியே."

"மூணு நாள்தான பேசல? அதுக்கு முன்னாடி அம்பது வருஷம் பேசிக்கிட்டுத்தான இருந்தேன்!"

சிரிப்பு மேல்தளம்வரை கேட்டதாம். யார் சிரித்தது என்று சொல்ல நெட்ரா மறுத்துவிட்டார்.

5

திங்கள்கிழமை, ஆலயத்துக்கு விடுமுறை. இருவரும் படிவத்தோடு ரொட்டிக்கடைக்கு வந்தார்கள். நான் கதைக்கு எழுதிவைத்த மூன்று முடிவுகளைப் படித்துக்காட்டினேன்.

அ: தங்குவது, பேரப்பிள்ளையின் முதல் அழுகையைப் போனில் கேட்பது.

ஆ: ஊருக்குப் போவது, மார்லிஸ் வீட்டுத் துணியெல்லாம் தேய்னுக்கு.

இ: நெட்ரா மட்டும் போய்வருவது. இதைச் சொன்னபோது இருவரும் என்னை ஒரே மாதிரி முறைத்தார்கள்.

நெட்ரா பேனாவை வாங்கி, என் காகிதத்தில் நிதானமாக ஒரே ஒரு வரி எழுதி, அதைக் கணவர் பக்கம் தள்ளினார். தேய்ன் இரண்டு முறை படித்தார்.

"நிஜமாவா, நெட்ரா?"

"நிஜமாத்தான். பிள்ளையப் பாத்துட்டு ரெண்டு பேருமாத் திரும்பி வரலாம். இப்ப ரொட்டியத் தின்னு."

எட்டிப் பார்க்க எனக்குக் கூச்சம். உங்கள் நாற்காலி அவர்களுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. குனிந்து படித்துக்கொள்ளுங்கள், சத்தமாக மட்டும் வேண்டாம்.