தங்கை மேல் ஏறிய பூச்சிகள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தங்கையின் இடது காது மடலில் பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. ரத்தம் வரவில்லை, வலியும் இல்லை. அக்கா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, பச்சைப் புழுவின் வேலை என்றாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மொட்டை மாடியில் நாற்பது தொட்டிகளில் புதினாவும் கொத்தமல்லியும் ஓமவல்லியும் வளர்த்து ஓட்டல்களுக்குக் கொடுப்பவள். இலை நடுவில் ஓட்டை என்றால் புழு, ஓரம் அரிபட்டிருந்தால் வெட்டுக்கிளி, வெள்ளைக் கோடு நெளிந்தால் இலைக்குள்ளேயே குடியிருக்கும் பூச்சி, குருத்து சுருண்டு பிசுபிசுத்தால் அசுவினிப் பேன் என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

புருஷன் துரத்திவிட்ட தங்கை ஒற்றைப் பெட்டியோடு வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. போடுகிற சோற்றை அக்கா சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. அந்த வாரத்துக்குள் தங்கையின் முழங்கையில் வெள்ளைக் கோடு ஓடியது, கழுத்தில் அசுவினி அப்பியது. டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். பூச்சிகள் அதையும் தின்றன. அதே வாரம் மாடியில் ஓர் இலைகூடக் கடிபடவில்லை. அக்கா நாற்பது தொட்டிகளையும் இலை இலையாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வந்தாள்.

“செடிக்கு அடிக்கிற வேப்பெண்ணெய எனக்கும் கொஞ்சம் அடிச்சு விடேன்க்கா,” என்றாள் தங்கை.

அக்காவுக்கும் மனசு கேட்கவில்லை. சோப்புத் தண்ணீரில் எண்ணெயைக் கலந்து, முதலில் வலது கையில் மட்டும் தெளித்துப் பார்த்தாள். மறுநாள் கை சுத்தமாக இருந்தது. ஆனால் மாடியில் கொத்தமல்லியின் தண்டே தெரியாமல் அசுவினி மொய்த்திருந்தது. ஓட்டல்காரர் கட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் அக்கா ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து, தங்கையின் கையை மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெய் வாசனை போகும்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

“ஏன்க்கா கழுவற?”

“விட்டா எல்லாம் செடியிலயே தங்கிடும்டி. உனக்குத்தான் வலிக்கலையே.”

தங்கை காது மடலைத் தடவிப் பார்த்துவிட்டு, வலிக்கவில்லைதான் என்று ஒப்புக்கொண்டாள். போக்கிடம் இல்லாதவள் வேறு என்ன சொல்வாள்.

மறுநாளிலிருந்து தொட்டிகளுக்கு நடுவில் அவளுக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. அக்கா சோற்றைச் சொல்லிக்காட்டுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் இரண்டாம் தடவையும் போட்டாள். இவள் மெலிந்துபோனால் பூச்சிக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. அக்கா இத்தனை பிரியமாக இருந்து தங்கை பார்த்ததில்லை. அதில் அவளுக்குச் சந்தோஷம்கூட இருந்தது. இரண்டாம் வருஷம் காற்று அவள் முதுகில் புகுந்து மார்பு வழியாக வெளியே போகத் தொடங்கியது. மூன்றாம் வருஷம் புருஷன் மனம் மாறி அழைத்துப்போக வந்தான். மாடியேறியவன், அவள் வயிற்றுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி தெரிவதைப் பார்த்துவிட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போனான். தங்கை அவனைக் கூப்பிடப் பார்த்தாள். தொண்டையை அதற்கு முந்தைய வாரம்தான் புழு தின்றிருந்தது.

பிறகு பக்கத்து வீட்டு ரோஜாவில் மாவுப்பூச்சி விழுந்தது. அந்த வீட்டுக்காரி வந்து, இரண்டு நாளைக்குத் தங்கச்சியை அனுப்ப முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். இரண்டு நாள் புதினா தாங்காது என்றாள் அக்கா. பேசிப் பேசி, வாரத்துக்கு ஒரு நாள் என்று முடிவாயிற்று. தங்கையை யாரும் கேட்கவில்லை. இப்போது அவள் காலிக்கூடை எடைதான், யாரும் ஒரு கையால் தூக்கிக்கொண்டு படியிறங்கலாம். வியாழக்கிழமைகளில் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். மற்ற நாட்களில் அக்கா வீட்டில்தான்.