ஒரு வார்த்தை சொல்லாத பிள்ளை

என் வேலை கால் பார்ப்பது. மார்லோ ஊர்க் கோழி ஆலையில் பதினாறு வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். இறகு நீக்கிய கோழிகள் கொக்கியில் தொங்கியபடி வரிசையாக வரும். கால் முறிந்திருந்தால், ரத்தம் கட்டியிருந்தால், பிடுங்கி அடுத்த பெல்ட்டில் போட வேண்டும். முழுக் கோழியாகக் கடைக்குப் போக வேண்டியது, அந்தப் பெல்ட்டில் விழுந்தால் துண்டாகிவிடும். இறைச்சி என்னவோ அதே இறைச்சிதான். ஒரு கோழிக்கு ஒரு கண் சிமிட்டும் நேரம்கூடக் கிடையாது. யோசித்தால் வரிசை போய்விடும்.

காலேஜில் கூடைப்பந்து ஆடும் என் மகன் கென்ட்ரெலின் இடது முழங்கால் போனதை நவம்பரில் டி.வி.யில் பார்த்தேன். யாரும் அவனைத் தொடவில்லை. பந்தோடு ஓடியவன் சட்டென்று நின்று திரும்பினான். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டான். கத்தவில்லை. முகத்தைச் சுளிக்கவும் இல்லை. பக்கத்தில் இருந்த எர்னஸ்டீன், ஆலையில் எனக்கு எதிர் வரிசையில் நிற்பவள், "எழுந்துருவான்டி, பாரு" என்றாள். அந்தக் கால் அடுத்த பெல்ட்டுக்குப் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கு முந்தைய வாரம்வரை அவன் பெயர் பதினான்காவது இடத்தில் இருந்தது. தொழில்முறை அணிகள் புதுப் பையன்களை எடுக்கும் தேர்வு ஜூன் மாதம் நடக்கும்; அதில் எந்த அணி யாரை எடுக்கும் என்று ஆளாளுக்கு ஆரூடம் எழுதிப் பட்டியல் போடுவார்கள். முப்பத்தெட்டு வயதில் சர்ச்சில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவள் நான். தினமும் இடைவேளையில் போனில் அந்தப் பட்டியலை விரல் வைத்து வாசிப்பேன். அணிகள் முப்பது. முதல் முப்பது பெயருக்குள் வந்தால் ஒப்பந்தம் எழுத்தில் வரும். கால் ஒடிந்தாலும் அதை மாற்ற முடியாது. முப்பதைத் தாண்டினால் கிடைப்பதெல்லாம் வாய்வார்த்தை.

ஆபரேஷன் நடந்தது. முழங்காலுக்குள் அறுந்த தசைநாரை எடுத்துவிட்டு, தொடையிலிருந்து வேறு நாரை எடுத்துத் தைத்தார்கள். ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ ஆகும் என்றார் டாக்டர். பதினான்காக இருந்த பெயர் பத்தொன்பதானது, இருபத்தி மூன்றானது, இருபத்தேழானது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு வரிசைக்குப் போவேன்.

"இருபத்தேழுன்னா இன்னும் உள்ளதானேடி இருக்கான்" என்பாள் எர்னஸ்டீன்.

"இன்னும் மூணு படிதான் இருக்கு."

"உன் வாயில நல்லதே வராதா? ஒண்ணு ஜெபம் பண்ணு, இல்ல வாயை மூடு."

ஏப்ரலில் கென்ட்ரெல் தன் ஏஜென்ட் ப்ரூயிட்டிடம் கையெழுத்துப் போட்டான். இனி காலேஜ் ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. ஊருக்கு வந்து என்னோடு தங்கி, காலையில் பழைய பள்ளி மைதானத்தில் ஓடிப் பழகினான்.

மே மாதம் ப்ரூயிட் எனக்கே போன் செய்தான். "மிஸ் வெர்லின், இருபத்தாறாவது இடத்துல எடுக்கப் போற அணி நம்ம பையன் மேல ஆசையா இருக்காங்க. டாக்டர் அறிக்கையெல்லாம் பாத்துட்டாங்க. புதுக் காயம், சுத்தமா தச்சிருக்காங்கன்னு திருப்தி. அந்த அணி சார்பா ஒரு அம்மா வீட்டுக்கு வருவாங்க, ஹால்வர்சன்னு பேரு. பையன் குணம் எப்படின்னு விசாரிப்பாங்க. நல்லபடியாப் பேசுங்க."

"நல்லபடியான்னா எப்படி?"

"நீங்க நீங்களா இருங்க, போதும்."

அந்த அம்மாள் ஞாயிறு மதியம் வந்தாள். வெளுத்த தலைமுடி, சத்தமில்லாத செருப்பு. கென்ட்ரெலை வெளியே அனுப்பியிருந்தேன். கெளுத்தி மீன் பொரித்து, வெண்டைக்காய் வதக்கி, சோள ரொட்டி சுட்டு வைத்திருந்தேன். நாசூக்கு பார்க்காமல் கையால் முள்ளெடுத்துச் சாப்பிட்டாள். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. அப்பா இல்லாமல் எப்படி வளர்த்தீர்கள், கோபம் வருமா, சர்ச்சுக்கு வருவானா என்றெல்லாம் கேட்டாள். பிறகு, "ரொம்ப அமைதியா இருக்கான். கஷ்டம் வந்தா தாங்குவானா மேடம்?" என்றாள்.

அதற்குத்தான் நான் காத்திருந்தேன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லும் கதை அது. பாதிரியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார்.

"தாங்குவானாவா? பதினேழு வயசு அப்ப. மாநில அரையிறுதி. முழங்கால் மடங்கிருச்சு. வீட்டுக்கு வரும்போது பூசணிக்காய் கணக்கா வீங்கியிருக்கு. நான் ஆலையிலேர்ந்து ஐஸ் கொண்டாந்து, பழைய பெட்ஷீட்டைக் கிழிச்சு இறுக்கிக் கட்டினேன். ரெண்டு நாள் கழிச்சு இறுதி ஆட்டம். முழுசும் ஆடினான், முப்பத்தோரு பாயின்ட். வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலைங்க. இன்னி வரைக்கும் சொன்னதில்ல."

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "எந்தக் கால் மேடம்?"

"இடதுதான்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"டாக்டரா! அதுக்கெல்லாம் எங்க போறது? ஆறு வாரம் நொண்டினான், கோச்சைத் தவிர வெளியில ஒருத்தருக்கும் தெரியாம. அப்புறம் தானா சரியாயிருச்சு."

அவள் சிரித்து, மீன் ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். எந்தக் கால் என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பதினாறு வருஷமாக நாள் முழுக்க எந்தக் கால், எந்தக் கால் என்று பார்த்துப் பிடுங்கிப் போடுகிறவள் நான். அன்று சாயங்காலம் மீதி மீனை எர்னஸ்டீனுக்குக் கொடுத்து, "நல்லாப் பேசிட்டேன்டி" என்று சொன்னேன்.

பத்து நாள் கழித்து, இடைவேளையில் பட்டியலைத் திறந்தேன். முப்பது வரை விரல் வைத்துப் பார்த்தேன். இல்லை. மறுபடி மேலேயிருந்து வந்தேன். இல்லை. நாற்பத்தி நான்கில் இருந்தான். பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி. மூன்று தரம் வாசித்தேன். 'மறைக்கப்பட்ட பழைய காயம்.'

வீட்டுக்கு வந்தால் ப்ரூயிட் போனில் கத்திக்கொண்டிருந்தான். கென்ட்ரெல் சமையல் மேஜையில் போனை வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஃபாரத்துல என்ன போட்டே? 'முன்பு காயம் உண்டா'ன்னு கேட்டிருக்கான், இல்லன்னு போட்டிருக்கே! இப்ப ஒரே முழங்கால்ல ரெண்டு காயம். ஒண்ணை ஒளிச்சு வெச்சான்னு முப்பது அணிக்கும் தெரியும். நம்ம அறிக்கையை இனிமே எவன் நம்புவான்? யாருடா சொன்னது அவங்ககிட்ட?"

"ஸ்டோவலாத்தான் இருக்கும்" என்றான் கென்ட்ரெல். ஸ்டோவல் அவனுடைய பள்ளிக்கூடக் கோச். "ஆறு வாரம் நொண்டினது வெளியில அவருக்கு மட்டும்தான் தெரியும்."

நான் சிங்க் பக்கம் திரும்பிக் குழாயைத் திறந்துவிட்டேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அடுத்த நாள் அவன் ஸ்டோவல் வீட்டு வாசலில் நின்று கத்தியதாக எர்னஸ்டீன் வந்து சொன்னாள். பாவம், அந்த மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டாராம். அதற்கப்புறமும் நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரம் அப்படியே போயிற்று. ஜெபம் செய்யக் கண்ணை மூடினால் அந்த அம்மாள் ரொட்டியைத் தட்டில் வைப்பதுதான் தெரிந்தது.

தேர்வு இரண்டு நாள் நடக்கும். முதல் நாள் புதன் சாயங்காலம், முப்பது பெயர். எர்னஸ்டீன் கேக் கொண்டு வந்திருந்தாள். இருபத்தாறாவதாக டி.வி.யில் சொன்னது கென்ட்ரெல் பெயர் இல்லை. வேறொரு பையன் எழுந்து தன் அம்மாவைக் கட்டிக்கொண்டான். கேக்கை யாரும் வெட்டவில்லை.

மறுநாள் நான் லீவு எடுத்தேன். ஆலையில் சொல்லாமல் எடுத்த லீவுக்குப் பெயரில் ஒரு கரும்புள்ளி விழும். எனக்கு ஏற்கனவே இருந்தவற்றோடு இன்னும் ஒன்று சேர்ந்தால் வேலை போய்விடும். போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். அன்று காலை கென்ட்ரெல் ஓடிவிட்டு வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். வாசலில் இரண்டே படிதான். பக்கவாட்டாக, கைப்பிடியைப் பிடித்து ஏறினான். ஜூன் வெயிலில் முழுக்கால் பேன்ட் போட்டிருந்தான்.

மதியம் மூன்று மணிக்கு இரண்டாம் சுற்று தொடங்கியது. நாங்கள் இருவர் மட்டும். நாற்பத்தி நான்கு போயிற்று. ஐம்பது போயிற்று. ஐம்பத்தி மூன்றுக்கும் ஐம்பத்தி நான்குக்கும் நடுவில் நான் சொன்னேன்.

"ஸ்டோவல் சொல்லலடா. நான்தான் சொன்னேன்."

அவன் டி.வி. சத்தத்தைக் குறைத்தான். "என்னது?"

"அந்த அம்மா கேட்டாங்க, தாங்குவானான்னு. அரையிறுதிக் கதையைச் சொல்லிட்டேன்."

"எதுக்கும்மா?"

"பெருமைக்கு."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரையில் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"நான் அந்த ஆளோட வாசல்ல போய் நின்னு கத்தினேன்" என்றான். "என்னைத் தோள்ல தூக்கிட்டுச் சுத்தின ஆளும்மா."

"தெரியும்."

"உனக்குத் தெரியும்." ரிமோட்டைக் கையில் திருப்பிக்கொண்டே, "ஃபாரத்துல இல்லன்னு போட்டேன்ல, பொய்யின்னு நெனச்சுப் போடல. அது காயம்னு நீ சொன்னதே இல்லையே. 'கட்டியாச்சு, போ'ன்னுதான் சொன்னே" என்றான்.

நான் என் கைகளைப் பார்த்தேன். வலது கையில் மூன்று விரல் மரத்துப்போய் இரண்டு வருஷமாகிறது. ஆலை நர்ஸிடம் போனால் ஒரு களிம்பு தடவி, பெயரை எழுதிக்கொள்வாள். பெயர் எழுதப்பட்டவர்கள் அடுத்த வருஷம் வரிசையில் இருக்க மாட்டார்கள். அதனால் அங்கே யாருக்கும் எதுவும் வலிப்பதில்லை. எனக்குத் தெரிந்த பிழைப்பு அதுதான். அதைத்தான் இவனுக்கும் கொடுத்தேன்.

ஐம்பத்தெட்டாவது பெயரையும் சொல்லி முடித்தார்கள். கென்ட்ரெல் டாலிவர் என்று யாரும் சொல்லவில்லை. அவன் டி.வி.யை அணைத்துவிட்டு ரிமோட்டின் பேட்டரி மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். வெளியே இன்னும் பளிச்சென்று வெயில்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. எண்ணைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தான். ப்ரூயிட் என்று நினைத்தேன். அந்த அம்மாளின் குரல்.

"கென்ட்ரெல், ஹால்வர்சன் பேசறேன். நேத்து உன்னை எடுக்க முடியல. வருத்தம்தான். ஆனா எனக்கு உன்னை விட மனசில்ல. எங்க பயிற்சி முகாம்ல ஒரு இடம் கேட்டு வாங்கியிருக்கேன். எழுத்துல உத்தரவாதம் ஒண்ணும் கிடையாது. பத்து நாள்ல வந்து எங்க டாக்டர் முன்னால ஓடிக் காட்டணும். முட்டி வீங்கியிருந்தா அன்னிக்கே திருப்பி அனுப்பிருவாங்க, அதுக்கப்புறம் வேற யாரும் கூப்பிட மாட்டாங்க. புரியுதா?"

"புரியுது மேடம்."

"இப்ப வலி இருக்கா?"

"இல்ல மேடம்." கண் இமைக்காமல் சொன்னான்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். "உங்கம்மா பக்கத்துல இருக்காங்களா? அவங்ககிட்டக் குடு. அவங்க ஒளிக்காமப் பேசறவங்க."

கென்ட்ரெல் என்னைப் பார்த்தான். கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. மேஜைக்கு அடியில் இடது காலை வலது காலால் தாங்கிப் பிடித்திருந்தான். நவம்பரில் தைத்த நார். டாக்டர் சொன்ன ஒன்பது மாதத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. வலிக்கிறது என்று சொன்னால் இந்த வீட்டுக்கு இனி இப்படி ஒரு போன் வராது. இல்லை என்று சொன்னால் பத்து நாளில் அவன் அந்தக் காலோடு ஓட வேண்டும்.

"மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"உங்க கண்ணுல படாம இருக்காது. பையனுக்கு வலி இருக்கா?"

அன்று பெருமையாக வந்த அதே வாக்கியம்தான் இன்றும் வந்தது. எனக்கு வேறு வாக்கியம் தெரியவில்லை.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலைங்க."

மேஜை விசிறி இரண்டு தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. அவளுக்குப் புரிந்ததா, புரிந்தும் விட்டுவிட்டாளா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"சரி. தேதி எழுதிக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவன் எழுதிக்கொள்ளப் பேனா தேடினான். நான் எழுந்து ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் தட்டை எடுத்தேன். உடைக்கும் சத்தம் போனில் கேட்டுவிடக் கூடாது. துண்டால் மூன்று சுற்றுச் சுற்றி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மரத்த விரல்களால் மெல்ல மெல்ல நெரித்து உடைத்தேன்.