ஏழு விநாடிக்கு மேல் கண்ணை எடுக்காதே

கடைசிப் பரீட்சை தொடங்கிய பதினோராவது நிமிடத்தில் பல்கலைக்கழகம் அக்காவை வெளியே தள்ளியது.

வெளியே என்றால் அங்கே வாசல் எதுவும் இல்லை. எங்கள் வீட்டுப் பின்னறையில், துணி மடிக்கிற மேசைமேல் லேப்டாப் இருந்தது. அதன் முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் சமையலறையில் மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் நின்றிருந்தேன்.

"ஏய் ஊமைக்கோட்டான், இங்க வா!"

ஓடினேன். திரை சாம்பல் நிறமாகியிருந்தது. நடுவில் ஒரே வரி: 'நீங்கள் இந்தக் கணக்கிற்குரிய மாணவர் அல்ல.'

"என்னைப் பார்த்து நான் நானில்லங்குதுடி" என்றாள் அக்கா. சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

குற்றம் எங்களுடையதுதான்.

அக்காவுக்கு மருத்துவமனையில் வேலை. அறுவைக் கருவிகளைக் கழுவி, துணியில் கட்டி, ஆட்டோகிளேவில் வைத்து நீராவியில் வேக வைத்து எடுக்கும் பிரிவு. அந்த இயந்திரத்தை அவள் 'பெரிய குக்கர்' என்பாள். ஆறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், பட்டம் இல்லாதவர்கள் இனி அந்தப் பிரிவில் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். படித்து முடிக்க இந்த வருடக் கடைசிவரை தவணை.

அதனால் சேர்ந்தாள். அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டடம் கிடையாது. பாடம் நடத்துவதும் கேள்வி கேட்பதும் திருத்துவதும் ஒரு கணினிக் குரல்தான். அதற்கு நாங்கள் 'வாத்தியார்' என்று பெயர் வைத்தோம். வாத்தியாருக்குக் கோபமே வராது. ஆனால் ஒரு விதி உண்டு. பாடம் ஓடும்போது மாணவரின் கண் ஏழு விநாடிக்கு மேல் திரையைவிட்டு விலகினால், பாடம் முதலிலிருந்து தொடங்கும்.

பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்த அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். ஒரே பாடம் நான்கு முறை முதலிலிருந்து ஓடிய ஒரு சாயங்காலம் அவள் அழுதேவிட்டாள். "கொஞ்சம் நீ உக்காருடி. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். கண்ணு மட்டும் போதும்."

அவளுடைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அவளுடைய மூக்குக் கண்ணாடியை மாட்டினேன். எங்கள் இருவருக்கும் ஒரே முகம் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். வாத்தியாரும் அப்படியே நினைத்தார். அக்கா தரையில் சுருண்டு தூங்கினாள். நான் இமைக்கக்கூடப் பயந்துகொண்டு முழுப் பாடத்தையும் பார்த்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டவள் நான். வாசிக்கச் சொல்லி எழுப்புவார்கள். தொண்டையிலிருந்து குரல் வராது. வகுப்பே சிரிக்கும். ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்படியே நின்றுவிட்டது. வாத்தியாரிடம் குரல் தேவைப்படவில்லை. பதிலைத் தட்டினால் போதும். நான் தடுமாறுகிற இடத்தில் அவர் வேகத்தைக் குறைத்தார். இன்னொரு உதாரணம் சொன்னார். கண்ணாக மட்டும் உட்கார்ந்தவள், எப்போது கையாகவும் ஆனேன் என்று எனக்கே தெரியாது. சின்னத் தேர்வுகள், பிறகு பருவத் தேர்வுகள். "பள்ளிக்கூடத்துல வாயத் தொறக்காதவ பொட்டி முன்னாடி மணிக்கணக்கா உக்காந்திருக்கா பாரு" என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வாள். நான் கணினி பழகுகிறேன் என்று அவளுக்கு எண்ணம்.

கடைசித் தேர்வையாவது தானே எழுத வேண்டும் என்று அக்காதான் பிடிவாதம் பிடித்தாள். "நாளைக்கு யாராவது கேட்டா, ஒண்ணாவது நான் எழுதினேன்னு சொல்லணும்ல."

அந்த ஒன்றில்தான் மாட்டினோம். இரண்டு வருடமாக வாத்தியார் தினமும் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றிருந்தார். கண் ஓடுகிற விதம், விரல் தயங்குகிற இடம், யோசிக்கும்போது தலை சாய்கிற பக்கம் எல்லாமே என்னுடையவை. சேர்ந்த அன்று எடுத்த அக்காவின் படம் எங்கேயோ அடியில் போயிருந்தது.

மறுநாள் செய்தி வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அடையாளச் சரிபார்ப்பு. ஒரு மேற்பார்வையாளர் நேரடியாகப் பேசுவார். பாடத்திலிருந்து கேள்வி கேட்பார். பதிலை வாயால் சொல்ல வேண்டும். தவறினால் இரண்டு வருடப் படிப்பும் ரத்து.

"நான் உக்காந்தா தொரத்திடும்" என்றாள் அக்கா. "நீ உக்காந்தா பேசணும்."

"பேச மாட்டேன்."

"தெரியும்டி. பழக்கிடலாம்."

அந்த வாரம் முழுக்க என்னைப் பேச வைக்கப் பார்த்தாள். பாத்திரம் கழுவும்போது திடீரென்று, "மேடம், எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம்?" என்று கேட்பாள். பதில் எனக்கு மனப்பாடம். கழுவுகிற தொட்டியைப் பார்த்துச் சொன்னால் வார்த்தை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் நின்றுவிடும்.

"சரி, கேக்கறவரத் தொட்டின்னு நெனச்சுக்கோ" என்றாள்.

சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போன பிறகு நீலச் சட்டையைப் போட்டேன். கழுத்துப் பட்டி அதற்குள் ஈரமாகிவிட்டது. "நான் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருப்பேன், பயப்படாத" என்று சொல்லிவிட்டு அக்கா கதவைச் சாத்தினாள். கதவின் அடி இடுக்கில் அவள் கால்விரல்கள் தெரிந்தன. 

பத்து மணி. திரையில் ஒரு பெண் வந்தார். அம்மா வயது இருக்கும். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர்.

"வணக்கம்மா. நான் பேசறது கேக்குதா?"

தலையாட்டினேன்.

"வாயால சொல்லணும்மா."

"கேக்குது." என் குரல் எலி கீச்சிட்ட மாதிரி இருந்தது.

"லேப்டாப்பத் தூக்கி அறையச் சுத்திக் காட்டுங்க. மேசைக்கு அடியில. இப்ப காது ரெண்டையும் காட்டுங்க. சரி, உக்காருங்க."

திரையின் ஓரத்தில் என் முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம். அதன் கீழே அக்காவின் மாணவர் எண். வாத்தியார் என்னை அடையாளம் கண்டுகொண்டுவிட்டார். அந்தப் பச்சை என்னைப் பிடித்துவைத்த கைபோல இருந்தது.

முதல் கேள்வி டிகிரி, நிமிடம். தொட்டி, தொட்டி என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். இரண்டாவது கேள்வி, கருவிகளைக் கழுவும் வரிசை. அதையும் சொன்னேன். வார்த்தைகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. ஆனாலும் வந்தன. அந்தம்மா எதையோ குறித்துக்கொண்டார்.

"பாடத்துல நல்லா இருக்கீங்க. இப்ப வேலையிலேர்ந்து ஒண்ணு. ஆறு வருஷம் அங்கதான இருக்கீங்க? துணியில கருவி கட்டி வச்ச பேக் ஆட்டோகிளேவ்லேர்ந்து ஈரமா வெளிய வருது. டாக்டர் அவசரப்படுத்தறார். என்ன பண்ணுவீங்க?"

இது பாடத்தில் இல்லை. மண்டைக்குள் திரை சாம்பலானது. ஒன்பதாம் வகுப்பு பெஞ்சில் மறுபடியும் எழுந்து நிற்பதுபோல இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும். அந்தப் பெண் காத்திருந்தார்.

"திரும்ப உள்ள வச்சு... காயற வரைக்கும்... கொஞ்ச நேரம் ஓட்டி..."

"அய்யோ, கொன்னுடுவடி!"

கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தன்னை அறியாமல்தான் கத்தியிருப்பாள். கத்தியதோடு நிற்கவில்லை. "ஈரத்தோட திரும்ப வைக்கக் கூடாது! பிரிச்சு, காஞ்ச துணியில புதுசாக் கட்டி, மொதல்லேர்ந்து முழுசா ஓட்டணும்! டாக்டர் கத்தினா கத்தட்டும்!"

 அவள் தன் வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள். பொத்தி என்ன செய்ய?

"யாரும்மா அது?" என்றார் அந்தப் பெண்.

நான் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. அக்கா உள்ளே வந்து என் பின்னால் நின்றாள். திரையில் இப்போது ஒரே மாதிரி இரண்டு முகங்கள். என்மேல் பச்சைக் கட்டம். அக்காமேல் சிவப்புக் கட்டம். அதன் கீழே எழுத்து வந்தது: 'அடையாளம் தெரியாத நபர்.'

வாத்தியாரின் அமைதியான குரல் கேட்டது. "அறையில் பதிவு செய்யப்படாத ஒருவர் இருக்கிறார். அறுபது விநாடிக்குள் அவர் வெளியேற வேண்டும். இல்லையெனில் கணக்கு மூடப்படும்." எண்கள் குறையத் தொடங்கின.

இரண்டு வருடமாக எனக்குப் பொறுமையாகப் பாடம் சொன்ன அதே குரல். எனக்குப் புரியவில்லை என்றால் மறுபடி சொன்ன குரல்.

"மேடம், இத நிறுத்துங்க" என்றாள் அக்கா. "நான்தான் இது. இந்த எண் என்னோடது."

"என்னால நிறுத்த முடியாதும்மா. முகத்த முடிவு பண்றது அதுதான். நான் பாக்கத்தான் முடியும்."

ஐம்பது. நாற்பத்தொன்பது.

அக்கா என் தோளைத் தொட்டாள். "நீ உக்காரு. நான் வெளிய போயிடறேன். எப்படியோ முடிச்சுடு." திரும்பி நடந்தாள். கதவு வரை நான்கு அடிதான்.

அவள் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும். பச்சைக் கட்டம் இருக்கும், பட்டம் வரும். ஆனால் அந்தப் பட்டம் எந்த முகத்துக்கு? மருத்துவமனையிலும் இதேபோல ஒரு வாத்தியார் வந்து, வாசலில் அக்காவின் முகத்தைப் பார்த்து, அடையாளம் தெரியாத நபர் என்று சொன்னால்? அப்புறம் ஒவ்வொரு நாளும் நான்தான் அவளாகப் போக வேண்டும். ஈரமான பேக்கைத் திரும்ப உள்ளே வைப்பேன். யாரோ ஒருவருடைய வயிற்றை அதிலிருக்கும் கத்தியால் திறப்பார்கள்.

எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"அவதான்" என்றேன். குரல் உடைந்தது, இருந்தாலும் நிற்கவில்லை. "அவதான் மேடம் வேலை செய்யறவ. தூக்கம் வந்துச்சுன்னு நான் உக்காந்தேன். நான் கண்ணு மட்டும்தான். அவளக் கேளுங்க."

அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, நாற்காலியை நிமிர்த்தி உட்கார வைத்தேன். சிவப்புக் கட்டம் நாற்காலிக்கு வந்தது. இருபத்தாறு.

அந்தப் பெண் எண்களைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். "சீக்கிரம் சொல்லுங்க. பேக் ஏன் ஈரமா வருது?"

"நெருக்கி அடுக்கியிருப்பாங்க மேடம். ஆவி சுத்தி வர எடம் இருக்காது." அக்கா இரண்டு கைகளையும் தூக்கி, நடுவில் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று காட்டினாள். கட்டைவிரல் அடியில் இருந்த பழைய சூட்டுத் தழும்புகள் கேமராவில் தெரிந்திருக்கும். "இல்லன்னா சூடா இருக்கறப்பவே எடுத்து ஜில்லுனு இருக்கற மேசையில வச்சிருப்பாங்க."

"ஈரம் உள்ள இருந்தா வெளிய தெரியுமா?"

"தெரியாது மேடம். அதான் பயமே. பிரிச்சாதான் தெரியும், உள்துணியில வட்டமா நிக்கும். நான் பாக்காம விட்டா வேற யாரும் பாக்க மாட்டாங்க—"

திரை சாம்பலானது.

நாங்கள் இருவரும் அதில் எங்கள் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். "உனக்கு இவ்ளோ சத்தமா பேச வருமாடி?" என்றுதான் கேட்டாள். கேட்டுவிட்டு மேசைமேல் தலையை வைத்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. கணக்கு முடக்கப்பட்டது. இரண்டு வருட மதிப்பெண்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. மேற்பார்வையாளரின் குறிப்பின்பேரில் விசாரணை. வியாழன் காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும். அதற்குக் கீழே ஒரு சொல் தனியாக இருந்தது: இருவரும்.

அக்கா அதை மூன்று தடவை படித்தாள். "நீ வர வேணாம். நான் பாத்துக்கறேன்."

"இருவரும்னு போட்டிருக்கு."

"அங்க நெறைய பேர் இருப்பாங்கடி. மேசை போட்டு உக்காந்திருப்பாங்க. எல்லாரும் உன்னையே பாப்பாங்க."

"தெரியும்" என்றேன். 

இன்று புதன்கிழமை. அக்கா நீலச் சட்டையைத் தேய்த்து, தனக்கென்று மாட்டி வைத்திருக்கிறாள். நான் என் மஞ்சள் சட்டையை எடுத்து வைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு இதுவரை எந்தக் கேமராவின் முன்னும் உட்கார்ந்ததில்லை.

நாளைக்கு முதலில் பெயரைத்தான் கேட்பார்கள். இரண்டு வருடமாக அக்காவின் பெயரையே தட்டித் தட்டிப் பழகிய விரல்கள் இவை. பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூடிக் கிடக்கும் லேப்டாப்பைப் பார்த்து என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை பாதி வந்தது.

இன்னொரு தடவை சொல்ல வேண்டும்.