ஐந்து காட்ட வேண்டிய இடம்

மீட்டரின் சிவப்புக் கம்பியைக் கேபிள் முனையில் வைத்தாள் பிரவீனா. ஐந்து வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் பன்னிரண்டு காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். பன்னிரண்டுதான். கேபிளை உருவித் தனியே போட்டாள். பதினொன்றில் இது மூன்றாவது.

சிங்காநல்லூரில், மூடிப்போன மில் ஒன்றின் குடோனில் இருந்தது அந்தக் கம்பெனி. ஆபீஸ்கள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை வாங்கி, பழுது பார்த்து விற்பார்கள். கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் ஒவ்வொரு பவர் பெட்டியையும் அதன் கேபிள்களோடு சேர்த்து ரப்பர் போட்டு வைப்பது வழக்கம். ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்தபோது மேனேஜர் திருமூர்த்தி எல்லா ரப்பரையும் அவிழ்க்கச் சொன்னார். கேபிள்களை நூல் சிட்டம் போல நீளவாரியாகக் கட்டி, சந்தனப் பொட்டு வைத்து அடுக்க வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எது எந்தப் பெட்டியுடையது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

"எல்லாம் ஒரே மாதிரிதான்க்கா இருக்குது," என்றாள் எதிர்மேசையில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த சாஜிதா பேகம்.

"டிஸ்க்குல மாட்டற பக்கம் ஒரே மாதிரிதான். பெட்டில சொருவற பக்கம் கம்பெனிக்கு ஒரு கம்பி வரிசை. வாய் பொருந்திப்போடும் கண்ணு. உள்ள வாற கரண்டுதான் வேற."

"எல்லாம் பொருந்துதுன்னுதான் என்னையுங் கட்டிக் குடுத்தாங்க."

பிரவீனா சிரித்துவிட்டாள். "இதுல டிஸ்க்கு செத்துப்போடும். பொகையும் வரும்."

திருமூர்த்தி வந்து நின்றார். "ஏனம்மணி, எத்தன ஆச்சு?"

"பதினொண்ணுங்க. மூணு மாறி வந்துச்சுங்க."

"மணி பன்னெண்டு. ரெண்டு மணிக்கு வண்டி. நாப்பது கம்ப்யூட்டரும் ஈரோட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவோணும். நாளைக்குத் தெறப்பு விழா."

"அளக்காம மாட்டக் கூடாதுங்க."

"சொருவுனா உள்ள போகுதா, இல்லியா?"

"போகுதுங்க."

"அப்பறமென்ன? உங்கூட்டு மிக்சிக்கும் மீட்டர் வெச்சுத்தான் சட்னி அரைக்கறியா?"

"ஒருக்கா ஆன் பண்ணியாவது பாத்துப்போடலாமுங்க."

"மாட்டறதுக்கே நேரமில்ல."

"சின்னப் பசங்க உக்கார்ற எடமுங்க. செக் பண்ணுனதுன்னு எம்பேருதானுங்க போகுது."

"போகட்டும். பெருமைதான?" மீட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மாட்டறதுன்னா மாட்டு. இல்லாட்டி ஊட்டுக்குக் கெளம்பு. சாஜிதா மாட்டிப்போடுவா."

சாஜிதா நிமிரவில்லை. அவளுடைய ஸ்க்ரூ டிரைவர் ஒரே ஸ்க்ரூவில் இரண்டு முறை வழுக்கியது.

பிரவீனா சாப்பாட்டுப் பையை எடுத்தாள். "நாளைக்கு வரட்டுங்களா?"

"சொல்லியனுப்பறோம்."

வாசல் வரைக்கும் வந்த சாஜிதா, "என்னையும் அனுப்பிப்போட்டா நான் எங்கக்கா போவேன்?" என்றாள். பிரவீனா அவள் தோளைத் தொட்டுவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை ஒண்டிப்புதூரில் ஒரு பட்டறை வாசலில் வேலை கேட்டு நின்றிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"பிரவீனாங்களா? ஈரோட்டுலிருந்து லாஸ்யா பேசறனுங்க, ஸ்கூல் லேப்புலிருந்து. செக் பண்ணுனவங்கன்னு பெட்டிக்குப் பின்னால உங்க பேரும் நம்பரும் ஒட்டியிருக்குதுங்க."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்க. நாப்பதும் ஒரே மெயின் சுவிட்சுல வெச்சிருக்குது. போடலாமில்லீங்க?"

"போடாதீங்க. நான் அதுல பதினொண்ணுதான் பாத்தேனுங்க. மத்தது எதையும் பாக்கலீங்க."

"எல்லாத்துலயும் உங்க பேருதானுங்க இருக்குது."

"நான் ஒட்டலீங்க. பசங்கள வெளிய கூப்புடுங்க அம்மணி, மொதல்ல கேபிளக் கழட்டச் சொல்லுங்க."

"சரியாக் கேக்கலீங்க, இங்க பேண்டு வாசிக்கறாங்க. இருங்க, தாளாளர் சுவிட்சுகிட்டப் போயிட்டாரு."

"அவரத்தான் நிறுத்தச் சொல்றேன். ஏனுங்க... லாஸ்யா..."

அந்தப் பக்கம் போனைக் கீழே இறக்கிவிட்டார்கள் போலிருந்தது. பேண்டு நின்றது. யாரோ மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள்.

பிள்ளைகள் கைதட்டினார்கள்.